சுண்டெலி மேடேறும் சத்தம்

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இல்லையென்றால் உடனே மறுத்து எழுது.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அம்மா எழுதுவாள். அவள் எழுதினால் பார்த்தவர்கள் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுவாள்.

நம் கீழ் வீட்டுக்கு ஒரு தையல்காரர் புதிதாகக் குடி வந்திருக்கிறார். நேற்று அவருக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. "இருங்க, மாமனாரை எடுத்துட்டு வர்றேன்" என்றேன். உன் தாத்தா கொடுத்த காரை நாம் மாமனார் என்று கூப்பிடுவது அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், முன் சீட்டைப் பெரியவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் மரியாதையாக உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆயிரத்து எண்ணூறு சிசி சார். இப்ப வர்ற வண்டியெல்லாம் இதுல பாதிதான்" என்றேன். நம் தெரு மேட்டில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும், தீப்பெட்டி மாதிரி ஒரு கார் எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியது ஒரு அம்மா, அதுவும் ஒரு கையால். மாமனாருக்கு ரோஷம் வரட்டும் என்று மிதித்தேன். அவர் இருமினார், கனைத்தார், நின்றுவிட்டார். இறங்கித் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் என் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. போன மாதம் இதே தையல்காரர் தைத்துக் கொடுத்தது. அவர் குனிந்து கிழிசலை நன்றாகப் பார்த்துவிட்டு, "தையல் விடல சார். துணிதான் கிழிஞ்சிருக்கு. எல்லாரும் பாத்துக்குங்க, தையல் விடல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். என் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே ஒரு கேள்வி. இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ, உன்னைத்தான் கேட்க வேண்டும். ஆயிரத்து எண்ணூறை ஆயிரம் எப்படி முந்தும்? கணக்கு எங்கேயோ இடிக்கிறது. என் படிப்பு உனக்குத் தெரியும். அச்சகத்தில் பெரிய பெரிய பாடப் புத்தகமெல்லாம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் மெஷினில் வரும் தாளில் ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்தாற்போல் பதினாறாம் பக்கம்தான் இருக்கும். அதனால் எனக்கு எந்த விஷயத்திலும் ஆரம்பமும் முடிவும் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

போனில் சொல்லாதே. போனில் நீ பேசுவது என் காதுக்குக் கொசு பாட்டு கற்றுக்கொள்வது மாதிரி இருக்கிறது. எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

பி.கு.: சின்ன இன்ஜின் மேடு ஏறும்போது ஒரு சீறல் வருமா? குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. சும்மா கேட்டு வைத்தேன்.


ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், மறுத்து எழுத ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கால்சட்டை விஷயத்தை இங்கே சோதனை அறையில் எல்லாரிடமும் சொன்னேன். "தையல் விடல" என்பது இப்போது எங்கள் அறையில் ஒரு பழக்கமாகிவிட்டது. எந்த இன்ஜின் நின்றாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார்.

சிசி என்பது அளவு மட்டும்தான் அப்பா. இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகிற இடத்தின் கொள்ளளவு. ஆயிரம் சிசி என்றால் ஒரு லிட்டர், ஒரு தண்ணீர் பாட்டில். மாமனார் கிட்டத்தட்ட இரண்டு பாட்டில். பாட்டில் பெரிதானால் ஒரு தடவைக்கு உள்ளே போகிற காற்றும் பெட்ரோலும் அதிகம்; அதிகம் போனால் அதிகம் எரியும். ஆகவே மற்றதெல்லாம் சமம் என்றால் பெரிய இன்ஜின்தான் பலசாலி. நீங்கள் நினைத்தது தப்பே இல்லை.

ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருப்பதே இல்லை. சக்தி என்பது ஒரு நொடிக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது. ஒரு மூச்சு எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்த்தால் போதாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தடையில்லாமல் உள்ளே போகிறதா, போனது வீணாகாமல் எரிகிறதா, எல்லாம் சேர்ந்துதான். மாமனாருக்கு நெஞ்சு பெரிதுதான், ஆனால் மூச்சு மெதுவானது. போதாததற்கு வயசு. உள்ளே தேய்ந்துபோய் பாதி மூச்சு பக்கவாட்டில் ஒழுகும். உடம்பு கனமும் அதிகம்.

இங்கே நாங்கள் இன்ஜினை மேடையில் ஆணி அடித்த மாதிரி இறுக்கிவிட்டு ஒரு பிரேக்கோடு கட்டிவிடுவோம். இன்ஜின் இழுக்கும், பிரேக் விடாது. அந்த மல்லுக்கட்டில்தான் எத்தனை குதிரைச் சக்தி என்று தெரியும். நாள் முழுக்க ஓடும், எங்கேயும் போகாது. சில சாயங்காலங்களில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் கடிதங்களை நான் எப்போதும் பி.கு.விலிருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறேன். முக்கியமானதை அங்கேதான் ஒளித்து வைப்பீர்கள். அந்தச் சீறலை எந்த வண்டியில் கேட்டீர்கள்?

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் தேவலை. மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது இல்லை.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை புரியவில்லை. அச்சகத்துக்கு எடுத்துப் போய் மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன், சட்டென்று பிடிபட்டது. சிசி என்பது தாளின் அளவு. அவ்வளவுதானே? மூலையில் நிற்கிற எங்கள் பெரிய மெஷின் போர்வை அகலத்துக்குத் தாள் அடிக்கும். ஆனால் ஒவ்வொரு தாளாகக் கையால் வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற சின்னது பாதித் தாள்தான் அடிக்கும், ஆனால் அது தள்ளுகிற தள்ளில் எடுத்து அடுக்கவே இரண்டு ஆள் வேண்டும். மாலையில் அளந்து பார்த்தால் ஜெயிப்பது சின்னது. நான் என் ஆயுசில் பாதியை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கழித்தவன். அண்ணனுக்கு அந்தச் சுண்டெலிக் காரை வாங்கப் போன அன்றைக்கு மட்டும் இது ஏன் என் மண்டையில் உதிக்கவில்லை என்று யோசித்தேன். அதை விடு.

சுண்டெலி என்றதும் ஞாபகம் வருகிறது. தையல்காரர் அதைக் கேட்கிறார். அவருக்கு ஒரே பெண், நர்ஸ். மேட்டுக்கு மேலே இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் டூட்டி நேரத்துக்கு பஸ் இல்லை.

"ஷெட்ல தார்ப்பாய் போட்டு சும்மாதானே நிக்குது சார்?" என்றார். அப்புறம் குரலை இறக்கினார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "பையன் விஷயம் கேள்விப்பட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். எனக்கு ராசி கீசின்னு ஒண்ணும் கிடையாது. வண்டி என்ன பண்ணும் பாவம்."

அவரே தொடர்ந்தார். "சின்ன இன்ஜின்தானே சார். புள்ளைங்க கையில தைரியமா கொடுக்கலாம். பெருசா எங்க இழுக்கப் போகுது?"

பாப்பா, இதே வார்த்தையை ஒரு எழுத்துப் பிசகாமல் கார் ஷோரூமில் ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பிற்பாடு மாமனாரைத் தள்ளிக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். நீல வண்டிக்கு வெள்ளைக் கதவு இருக்கிறதே என்றேன். மெக்கானிக் அப்போது கிடைத்த கதவைத்தான் மாட்டினான். "ஒட்டுப் போட்ட துணி நல்லா உழைக்கும் சார்" என்கிறார்.

உன் அப்பா

பி.கு.: சீறல் எந்த வண்டியில் என்று கேட்டாயே. தெருவில் போகிற ஏதோ ஒன்று.


மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

விற்றுவிடுங்கள் அப்பா. அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அண்ணன் போன அந்த வாரம் வந்துவிட்டுப் போனவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன். லீவு கிடைக்கும். வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த ஷெட்.

தாள் கணக்கு மிகச் சரி. என் அதிகாரியிடம் சொன்னேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இனி அதையே சொல்லப் போவதாகச் சொன்னார்.

சீறலுக்குப் பதில்: அது டர்போ. இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். உங்கள் பாஷையில் சொன்னால், கையால் தாள் வைப்பதற்குப் பதில் ஊதித் தள்ளுகிற ஃபீடர். ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்று போகும். அந்தச் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் எழுவதுதான் அந்தச் சீறல். பதமாக ஓட்டினால் கேட்காது. மிதித்தால்தான் கேட்கும்.

மாமனார் புதிதாக இருந்தபோது அறுபது குதிரை. சுண்டெலி நூறு. இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். காது டாக்டர் கொடுத்த அட்டையை நானும் பார்த்தேன். லாரி, இடி, மெஷின் மாதிரி தடித்த சத்தம்தான் உங்களுக்குக் கேட்கும். மெல்லிசான, உயர்ந்த சத்தம் எதுவும் கேட்காது. குக்கர் விசில் கேட்காமல் அடுப்பில் தீய விட்டுத்தானே அம்மாவிடம் திட்டு வாங்குகிறீர்கள்? டர்போ அதைவிட மெல்லிசு. உங்களுக்கு எப்படிக் கேட்டது?

உங்கள் மகள்


மார்ச் 24

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நலம். உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். எடுத்துப் படிக்கிறார், மடித்து வைக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால் பேனாவைத் துடைக்கிறார்.

தெரு விளக்கு போடுகிற நேரம் தினமும் வாசலுக்குப் போகிறார். இரும்புக் கதவு இரண்டையும் முழுசாகத் திறந்து வைக்கிறார், கார் நுழைகிற அகலத்துக்கு. மாமனார் உள்ளேதான் நிற்கிறது. நமக்கு வேறு எந்தக் கார் வரப் போகிறது? கொஞ்ச நேரம் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓரமாக நகர்வார், யாருக்கோ வழி விடுகிற மாதிரி. அப்புறம் உள்ளே வந்து கை கழுவுவார். கேட்டால் "காத்து வாங்கினேன்" என்பார். நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

நானும் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

தையல்காரர் பெண் வந்து தார்ப்பாயை விலக்கி வண்டியைத் துடைத்துவிட்டுப் போனாள். நல்ல பெண். சீட்டுக்கு அடியில் அண்ணனுடைய சீப்பு கிடந்ததாம். கழுவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கழுவாமல் கொடுத்திருக்கலாம். அவளுக்கு என்ன தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் தாமதம். மெஷின் ரிப்பேர், கை வலி, பேனா சரியில்லை: மூன்றில் உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள். மற்றபடி நலம்.

அம்மா எழுதியிருப்பாள். வீட்டில் ஒரு தபால்தலை குறைகிறது, நான் ஒட்டவில்லை.

கேட்கிறது பாப்பா. அட்டை என்ன சொன்னாலும் கேட்கிறது. கீழே மெயின் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும்போது இரண்டாவது கியர். தண்ணீர்த் தொட்டியிடம் மூன்று. அப்புறம் அந்தச் சீறல். ஏறிக்கொண்டே வந்து, வளைவில், தடுப்புச் சுவர்கிட்ட வந்ததும் நின்றுவிடும். மோதுகிற சத்தமெல்லாம் இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரி, அவ்வளவுதான். வளைவிலிருந்து நம் வாசல் எத்தனை தூரம்? நீ சின்னப் பிள்ளையில் மூச்சு விடாமல் ஓடி வருவாய். அந்த மிச்சத் தூரத்துக்காகத்தான் கதவைத் திறந்து வைக்கிறேன்.

பயந்துவிடாதே, சோதித்தும் பார்த்தேன். தார்ப்பாய்க்குள் கையை விட்டேன். பானெட் சில்லென்று இருந்தது. பேட்டரியே கிடையாது, மெக்கானிக் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஒரு பேய்க் கதைக்குக்கூட லாயக்கில்லாத வண்டி.

ஒன்று மட்டும் சொல். மிதித்ததும் அந்த டர்போ உடனே இழுத்துவிடுமா, இல்லை நடுவில் இடைவெளி ஏதாவது உண்டா? மழை ஈரம். முன்னால் ஒரு லாரி திணறிக்கொண்டு போகிறது. வளைவுக்குள் அதைத் தாண்டிவிடலாம் என்று ஒருத்தன் மிதிக்கிறான் என்று வைத்துக்கொள். வண்டி புதிது, அவன் கைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வைத்துக்கொள், அவ்வளவுதான்.

உன் அப்பா

பி.கு.: இந்தத் தடவை பி.கு.வில் ஒன்றும் இல்லை. எல்லாம் மேலேயே வந்துவிட்டது.


ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

இடைவெளி உண்டு. மிதித்ததும் புகை வேகம் பிடித்து, அந்தச் சக்கரம் சுழன்று, காற்று அமுங்கி உள்ளே போக ஒரு கணம் பிடிக்கும். கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் பழகாத கால், இழுக்கவில்லையே என்று இன்னும் மிதிக்கும். அப்புறம் முதலில் மிதித்ததும் பிறகு மிதித்ததும் சேர்ந்து ஒன்றாக வரும். நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. ஈரமான வளைவில் முன் சக்கரங்கள் திரும்ப மறந்து நேராகப் போகும்.

அண்ணன் பெல்ட் போடவில்லை அப்பா. வண்டிக்கு ஒரு கதவும் ஒரு விளக்கும்தான் போனது. அது சிசியிலும் வராது, குதிரையிலும் வராது. அதையும் நீங்கள் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

காதைப் பற்றி எங்கள் டாக்டரிடம் கேட்டேன். எங்கள் அறையில் பலருக்கு இது இருக்கிறதாம். காது எந்தச் சத்தத்தை இழந்துவிட்டதோ, அதை மூளை தானே உண்டாக்கிக்கொள்ளுமாம். இல்லாததை இட்டு நிரப்புகிறது, வேறொன்றுமில்லை. வண்டி கண்ணை விட்டுப் போனால் அதுவும் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். தையல்காரரிடம் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் டாக்டருக்கு என் வணக்கம். சத்தத்தை மூளை உண்டாக்குகிறது, சரி. கியரை யார் மாற்றுகிறார்கள்? என் மூளைக்கு அவ்வளவு நேர்த்தி கிடையாது. மூன்றாவது கியர் போட்டால் இன்றைக்கும் மாமனார் பல்லைக் கடிப்பது தெரு முனை வரை கேட்கும். இது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுகிறது. அவன் அப்படித்தான் போடுவான்.

மே முதல் ஞாயிறு தையல்காரர் வண்டியை எடுக்க வருகிறார். சின்ன இன்ஜின் என்று நிம்மதியாக இருக்கிறார். பெண்ணின் சீட்டுக்கு உறைகூடத் தைத்துவிட்டார், பூப்போட்ட துணியில்.

இப்போது நான் வாயைத் திறந்தால் அவர் வாங்க மாட்டார். வாங்காவிட்டால் சுண்டெலி இங்கேயே நிற்கும், நீ வர மாட்டாய், நான் கதவைத் திறந்துகொண்டே இருப்பேன். வாயை மூடிக்கொண்டால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். மூடுவதும் ஒன்றும் கஷ்டமில்லை. காது கேட்காதவனிடம் யார் வந்து கேள்வி கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அந்தப் பெண் காலையில் வாசற்படி இறங்கும்போது என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகிறாள்.

நான் என்ன செய்யட்டும்?

உன் அப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியது நான்தான். எழுதும்போது எனக்கு அண்ணன் மட்டும்தான் தெரிந்தான், அந்தப் பெண் தெரியவில்லை.

சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. நூறு குதிரை என்பது கேட்கிறவருக்கு வெறும் எண். உட்கார வைத்துக் காட்டுங்கள். நேர் ரோட்டில், காலியாக இருக்கிற நேரத்தில், எல்லாரும் பெல்ட் போட்டுக்கொண்டு.

அவர் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, ஜூனில் நான் வருகிறேன். ஷெட்டில் என்ன நின்றாலும் வருகிறேன்.

உங்கள் மகள்


மே 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீ வரப் போகிறாய் என்றதும் அம்மாவின் முழங்கால் பாதி சரியாகிவிட்டது. உன் அறையைக் கழுவுகிறேன் என்று ஆரம்பித்து வீடு முழுக்க ஈரமாக்கிவிட்டாள். எங்கே உட்கார்ந்து எழுதுவது என்று தெரியாமல் மாமனாருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெக்கானிக் பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் சுண்டெலி எழுந்துகொண்டது. இத்தனை மாதம் தூங்கின வண்டி, ஒரே அழைப்பில். உன் அண்ணன் ஒருநாளாவது அப்படி எழுந்திருக்கிறானா?

நான் ஓட்டினேன். தையல்காரர் முன்னால், பெண் பின்னால்.

"பெல்ட் போடுங்க" என்றேன்.

"இந்தா இருக்கற ரோட்டுக்கு எதுக்கு சார்?"

"போடுங்க!" நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. எனக்கே கேட்டது. அவர் உடனே போட்டுக்கொண்டார்.

மெயின் ரோடு தாண்டி அந்த நீளமான ரோட்டுக்குப் போனோம். ஒரு ஈ காக்கை இல்லை. "இப்ப பாருங்க, மிதிக்கிறேன்" என்று மிதித்தேன்.

"ஒண்ணும் இல்லையே சார்" என்று அவர் என் பக்கம் திரும்பினார். அப்போது வந்தது. அவர் தலை பின்னால் போய் மோதியது. இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, நிறுத்துங்க! எனக்கு இன்னும் நாலு ஜாக்கெட் பாக்கி இருக்கு, நிறுத்துங்க சார்!" என்றார்.

ஓரமாக நிறுத்தினேன்.

"சின்ன இன்ஜின்னு சொன்னீங்களே?"

"நான் எங்க சொன்னேன், நீங்க சொன்னீங்க. சின்னதுதான். சின்னதுன்னா பலம் கம்மின்னு நானும் நெனச்சவன்தான்."

உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். பாட்டில், தாள், ஃபீடர், அந்த இடைவெளி. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வேணாம் சார். எம் பொண்ணுக்கு இது வேணவே வேணாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "பையனுக்கு வாங்கும்போது இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னது உதட்டில் தெரிந்தது. "அப்பா, சும்மா இருங்க. தெரிஞ்சிருந்தா வாங்கிக் கொடுத்திருப்பாரா?"

அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். வெள்ளைக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க மாமா, நான் ஓட்டிப் பாக்கறேன்."

"ஏய், வேணாம்னு சொல்றேன்ல?"

"அப்பா, ஆஸ்பத்திரியில நான் ஊசி சின்னதா பெருசான்னா பாக்கறேன்? உள்ள என்ன மருந்து, எவ்வளவுன்னு பாக்கறேன். தெரியாம போட்டாதான் ஆபத்து. இப்பதான் மாமா சொல்லிட்டாரே."

நம் தெரு மேட்டில் ஏற்றினாள். நான் பக்கத்தில், அவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு. வளைவு வருவதற்கு முன்னாலேயே காலைத் தளர்த்தினாள். "இங்க மிதிச்சா அங்க வரும், இல்ல மாமா? அதனால இங்க மிதிக்கக் கூடாது" என்றாள். தடுப்புச் சுவரை நாங்கள் ஒரு தள்ளுவண்டி போகிற வேகத்தில் தாண்டினோம். அந்த இடத்தை நான் ஒரு காரோடு தாண்டியதில் அதுதான் மிக மெதுவானது, மாமனாரைத் தள்ளிய நாளைத் தவிர.

தையல்காரர் ஒரு வாரம் முணுமுணுத்தார். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். நேற்று வண்டி போய்விட்டது. தார்ப்பாயை மடித்து வைத்தாயிற்று. ஷெட்டில் வண்டி நின்ற இடம் மட்டும் தூசி இல்லாமல் ஒரு கட்டம் மாதிரி இருக்கிறது. பெருக்கிவிடட்டுமா என்று அம்மா கேட்டாள், நாளைக்கு என்றேன்.

வரும்போது கனமாக எதையும் தூக்கிக்கொண்டு வராதே. பஸ் நிறுத்தத்துக்கு மாமனாரோடு வருவேன். மேட்டில் தள்ள வேண்டி வந்தால் நீ தள்ளு. எனக்குக் கால்சட்டை இதுதான் மிச்சம்.

உன் அப்பா

பி.கு.: எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ இங்கிருந்துதான் படிக்க ஆரம்பிப்பாய் என்பதால் விட முடியவில்லை. நேற்று சாயங்காலம் தெரு விளக்கு போட்டதும் கால் தன்னால் வாசலுக்குப் போய்விட்டது. சுண்டெலி வீட்டில் இல்லை; அந்தப் பெண் டூட்டிக்கு எடுத்துப் போய், மேலே ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்தாள். இருந்தாலும் கதவைத் திறந்தேன். கேட்டது. கீழே திரும்பும்போது இரண்டு. தொட்டியிடம் மூன்று. சீறலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். சீறல் வரவில்லை. அது இல்லாமலே ஏறி வந்தது. வளைவில் நிற்கவில்லை, தாண்டியது. நான் ஓரமாக நகர்ந்தேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, கையைக் காதருகே வைத்து என்னவென்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். கதவைச் சாத்தப் போனவளிடம் "கொஞ்சம் இரு" என்று மட்டும் சொன்னேன். அவளிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்: இன்னைக்கு மெதுவா வர்றான்.